சாம்பல் பிடிக்கும் விஷம்

ஓர் ஆலையின் குப்பை இன்னோர் ஆலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யுமா? முடியும் என்கிறது சோதனைச்சாலை. பட்டறையில்தான் சிக்கல்.

லூதியானாவில் தயாராகும் சைக்கிளின் கைப்பிடியைக் கண்ணாடி போல மின்ன வைப்பது குரோமியம். முலாம் தொட்டியிலிருந்து எடுத்த கைப்பிடியைக் கழுவும்போது அதில் ஒரு பகுதி நீரோடு போய்விடுகிறது. உலோகத்தின் மிக மோசமான வடிவம் அது: ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய்க் காரணி. நகரின் சாக்கடையையும் பட்டறைக் கழிவுகளையும் சுமந்து செல்லும் புட்டா நாலா சட்லெஜ் நதியில் கலக்கிறது. ஹரிகே அணையிலிருந்து பிரியும் இந்திரா காந்தி கால்வாய் அந்த நதியின் நீரை ராஜஸ்தானுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அது குடிநீர்.

ஆறு, ஓடைகளில் விடும் கழிவுநீரில் இந்த வகை குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதை எட்டும் வழியும் புதிதல்ல. ரசாயனம் சேர்த்து விஷம் குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றி, சுண்ணாம்பு போட்டுப் படிய வைப்பார்கள். மிச்சத்தைப் பிடிக்கக் கிளர்வூட்டிய கரி உண்டு. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தக் கரியின் விலை கட்டுபடியாகாது.

அதனால்தான் விஞ்ஞானிகளின் கண் குப்பைமேடுகள் மீது விழுந்தது. வாராணசியில் பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனல்மின் நிலையச் சாம்பல் நீரிலிருந்து தாமிரத்தை இழுக்கிறது என்று 1985-ல் காட்டினார்கள். ரூர்க்கியில் (இன்று அது ஐஐடி) வேட்டை இன்னும் தீவிரமாக நடந்தது. உரத் தொழிற்சாலையின் கரிக்குழம்பு, உருக்காலைக் கசடு, அலுமினிய ஆலையின் செஞ்சேறு என ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கப்பட்டன. சுற்றிலும் கரும்பு விளையும் பகுதி என்பதால் சர்க்கரை ஆலைக் கொதிகலனில் சக்கையை எரித்த சாம்பலும் கிடைத்தது. அதை ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஊற வைத்துக் காய வைத்தபோது ஈயத்தையும் குரோமியத்தையும் பிடித்துக்கொண்டது.

இதில் மாயம் எதுவுமில்லை. முழுதாக எரியாத கரியில் எண்ணற்ற நுண்துளைகள். அவற்றின் சுவரில் உலோகம் ஒட்டிக்கொள்கிறது. செஞ்சேற்றின் சிவப்பு இரும்பு ஆக்ஸைடால் வந்தது. அதன் பரப்புக்கும் உலோகத்தைப் பற்றும் குணம் உண்டு. உருக்காலைக் கசட்டின் சுண்ணாம்புச் சத்து நீரின் காரத்தன்மையை உயர்த்தி, உலோகத்தைப் படிய வைக்கிறது.

பிறகு ஏன் ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு சாம்பல் தொட்டி இல்லை?

முதல் காரணம், சோதனைச்சாலைத் தண்ணீர் வேறு, பட்டறைத் தண்ணீர் வேறு. ஆய்வுகளில் பெரும்பாலானவை தூய நீரில் ஓரிரு உலோகங்களை மட்டும் கரைத்து நடந்தவை. பட்டறை நீரிலோ நிக்கல், துத்தநாகம், எண்ணெய், சோப்பு எல்லாம் கலந்து இடத்துக்குப் போட்டியிடும். அமிலத்தன்மை சற்று மாறினாலும் பிடித்ததை விட்டுவிடும் அபாயம் உண்டு. சாம்பலே ஆர்சனிக் போன்றவற்றை நீரில் கசியவிடலாம்.

இரண்டாவது, இலவசக் குப்பைக்கும் லாரி வாடகை உண்டு. ஒடிசாவின் தாமன்ஜோடியில் குவிந்திருக்கும் செஞ்சேற்றை லூதியானாவுக்குக் கொண்டுவருவது யாருக்கும் கட்டாது. குப்பை நிரந்தரமும் அல்ல. 1989-ல் ரூர்க்கி ஆய்வாளர்கள் நம்பிய கரிக்குழம்பு எரிஎண்ணெயில் ஓடிய உர ஆலைகளின் கழிவு. நங்கல், பானிபட், பட்டிண்டா ஆலைகள் 2013 வாக்கில் இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட்டன. அனல்மின் சாம்பலுக்கோ சிமென்ட் ஆலைகளும் செங்கல் சூளைகளும் போட்டிக்கு நிற்கின்றன.

மூன்றாவதுதான் கடினமானது. உலோகம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. நேற்று வெறும் சாம்பலாக இருந்தது இன்று குரோமியச் சாம்பல், அபாயக் கழிவு. அதை அமிலத்தில் கழுவி உலோகத்தை மீட்கலாம். அல்லது சிமென்டில் கட்டி, பஞ்சாபில் நிம்புவாவில் இருப்பது போன்ற பாதுகாப்பான குழியில் புதைக்கலாம். இரண்டுக்கும் செலவுண்டு. செலவைத் தவிர்க்க அதை இரவில் சாலையோரம் கொட்டினால், நதிக்குப் போக வேண்டிய விஷம் மழைக்குப் பின் கிணற்றுக்குப் போகும்.

ஆனாலும் யோசனையைக் குப்பையில் போட வேண்டியதில்லை. லூதியானாவிலேயே இரும்பின் துருவை அமிலத்தில் நீக்கும் பட்டறைகளும் உண்டு. அவற்றின் கழிவு அமிலத்தில் கரைந்திருக்கும் இரும்பு, குரோமியத்தின் விஷத்தைக் குறைக்கக் கூடியது. லேத் பட்டறையின் இரும்புத் துருவலும் அதைச் செய்யும். மருந்து பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. கழிவுநீரை ஓரிடத்தில் சேர்த்து, தினமும் சோதித்து, மிஞ்சும் சேற்றுக்கும் கணக்கு வைக்க ஆள் வேண்டும். சாம்பல் மலிவு, பொறுப்பு மலிவல்ல.