பாட்டி சொன்ன பேய்க்கதைகள்



ஆண்டுத் தேர்வு முடிந்த மறுவாரத்தில் திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்திற்குச் சென்று பாருங்கள். இலால்குடி, முசிறி, துறையூர், மண்ணச்சநல்லூர் எனப் புறப்படும் வண்டிகளில் எல்லாம் துணிப்பையும் தின்பண்டப் பொட்டலமுமாகச் சிறுவர் சிறுமியர் அமர்ந்திருப்பர். நகரத்துப் பெற்றோர் தம் மக்களைப் பாட்டனார் ஊருக்கு அனுப்பும் காலம் அது. அங்கே அப்பாயியோ அம்மாயியோ காத்திருப்பார். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன் மக்கள் அனைவரும் கூடுவர். பகலெல்லாம் வாய்க்காலும் தோப்பும். இரவானால் முற்றத்தில் வரிசையாகப் பாய்கள். விளக்கு அணைந்தபின் தொடங்குவது பேய்க்கதை.

இக்கதைகளை நாம் என்ன செய்வது? அப்படியே நம்புவதா? மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதா? இரண்டும் சிந்திக்கச் சோம்புவோரின் வழிகளே. ஒரு கதையைக் கேட்டால், அது எதைக் கண்டு பிறந்தது, என்ன வேலையைச் செய்கிறது என்று ஆராய்தலே கற்றவர்க்கு அழகு.

உச்சி வேளையில் கிணற்றடிக்குப் போனால் பேய் அறையும் என்பார் பாட்டி. கத்திரி வெயிலில், பெரியவர்கள் கண்ணயரும் நேரத்தில், ஆளில்லாக் கிணற்றை எட்டிப் பார்க்கும் குழந்தையைத் தடுக்க இதைவிடச் சுருக்கமான சட்டம் உண்டோ? நள்ளிரவில் ஐயனார் குதிரையேறி ஊர்க்காவல் வருவார் என்பதும் அத்தகையதே. இருளில் சுற்றாதே என்னும் அறிவுரையும், நமக்கு ஒரு காவலர் உண்டு என்னும் ஆறுதலும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. புளியமரத்தில் பேய் உண்டு என்பதற்கு, இரவில் மரம் கரியமில வாயுவை வெளிவிடுவதால் அடியில் படுப்பவர்க்கு மூச்சு அடைக்கும் என்று பலர் விளக்கம் கூறுவர். இலைகள் இரவில் அவ்வாயுவை வெளிவிடுவது உண்மையே. எனினும் அதன் அளவு மிகச் சிறிது. திறந்த வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். விஞ்ஞானச் சொற்களைப் பூசிக்கொண்டதால் மட்டும் ஒரு கூற்று விஞ்ஞானம் ஆகிவிடாது.

இத்தகைய கதைகள் நமக்கு மட்டும் உரியன அல்ல. பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் பள்ளி விடுமுறைக்கு நகரத்துக் குழந்தைகள் கிராமத்துப் பாட்டி வீட்டுக்குச் செல்வர். பெரிய மரத்தின் கிளையில் 'கப்ரே' என்னும் கரிய பூதம் சுருட்டுப் புகைத்தபடி அமர்ந்திருக்கும் என்று அங்கே கேட்பர். சுருட்டுப் படையல் ஏற்கும் நம் கருப்பசாமியை அறிந்தவர்க்கு அது புதுமையாய்த் தோன்றாது. புற்றில் ஒரு குட்டைக் கிழவர் வாழ்வதாகக் கருதி, அதைக் கடக்கும்போது 'தாபி தாபி போ' என்பர். சற்று வழி விடுங்கள் என்பது கருத்து. அம்மொழியில் 'போ' என்பது விரட்டும் சொல்லன்று, பெரியோர்க்குரிய மரியாதைச் சொல்! புற்றுக்குப் பால் வார்க்கும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வொப்புமை ஓரிடத்தில் மிக ஆழமாகிறது. உறங்குவோரின் மார்பின்மேல் ஏறி அழுத்துவதை நாம் அமுக்குவான் பேய் என்கிறோம். பிலிப்பைன்ஸின் இலோக்கானோ மக்கள் அதனைப் 'பாதிபாத்' என்னும் பருத்த கிழவியாகக் கண்டனர். கனவு காணும் உறக்கத்தில் நம் உடலின் தசைகள் பெரும்பாலும் செயலற்றிருக்கும். அவை விடுபடும் முன்னர் அறிவு விழித்துக்கொண்டால், கண் திறந்திருக்கும், கை அசையாது, மார்பு கனக்கும். இது உறக்க முடக்கம் எனப்படும், பொதுவாகத் தீங்கற்றது. பாதிபாத்திடமிருந்து தப்பக் கால்விரலை அசைக்க வேண்டும் என்பது அம்மக்களின் அறிவுரை. சிறு தசையை அசைக்க முயல்வது முடக்கத்திலிருந்து விடுபடச் சிலருக்கு உதவுவதும் உண்டு. பேய் கற்பனை, அனுபவமோ மெய்.

அதே நாட்டில் நலமாய் இருந்த இளைஞர் சிலர் உறக்கத்திலேயே இறந்தனர். 'பாங்குங்கோத்' எனப்பட்ட அவ்விறப்பையும் பேயின் மேல் ஏற்றினர். இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும் ஒரு நோயை ப்ருகாடா சகோதரர் 1992இல் விவரித்தனர். உறக்கத்தில் நேரும் அத்தகைய இறப்பும் அந்நோயும் ஒன்றே என 2002இல் மரபணு ஆய்வு காட்டியது. இன்று மருத்துவர் இதய மின்வரைபடத்தில் அதன் அறிகுறியைக் காண இயலும். பேயைக் குற்றம் சாட்டி அமைந்த குடும்பம் அந்தச் சோதனைக்குப் போகாது.

நம் நாட்டிலும் இது விளையாட்டன்று. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். பேய் பிடித்தது, செய்வினை என்ற எண்ணத்தால் மருத்துவமனைக்குப் பதிலாக அவ்வூருக்கு அழைத்து வரப்பட்டவர் அங்கே பலர். முற்றத்தில் கேட்ட கதை முற்றத்தோடு நிற்க வேண்டும். நோய்க்கு மருந்தாக அதைக் கொள்ளலாகாது.

அப்படியானால் கதையை மறந்துவிடலாமா? கூடாது. இலால்குடிப் பக்கத்துச் சங்கேந்தியைத் தம் பெயரின் முன் கொண்ட பண்டித நடேச சாஸ்திரியார் (1859–1906), தென்னாட்டு வாய்மொழிக் கதைகளைத் திரட்டி 1884 முதல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். கரிசல் நாட்டுக் கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி அளித்தார். அவர்கள் எழுதிவைத்தமையால் அவை நிலைத்தன. எழுதாதவை சொன்னவரோடு மறைந்தன.

ஆகவே இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். சொன்னவர் பெயர், வயது, ஊர், நாள் ஆகியவற்றை முதலில் குறியுங்கள். கதையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். எந்த மரம், எந்தக் கிணறு என்று கேளுங்கள். இந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்றும் மறவாமல் கேளுங்கள். நான்கு தலைமுறைக்கு முந்திய ஒருவரின் பெயர் அந்த விடையில் கிடைக்கக்கூடும். உங்கள் கருத்தை அடுத்த பக்கத்தில் தனியே எழுதுங்கள். கதை பாட்டியுடையது, ஆராய்ச்சி உங்களுடையது. இரண்டும் ஒரே ஏட்டில் இருக்கட்டும்.