பெயருக்குப் பின்னால் வரும் சொற்கள்: எம்மைப் பற்றிய ஆங்கில ஆவணங்களை வாசிப்பது எப்படி?

காணாமல் ஆக்கப்பட்டோர், தடுத்து வைக்கப்பட்டோர், விடுவிக்கப்படாத காணிகள் ஆகிய எமது பிரச்சினைகள் பற்றிய முக்கிய சர்வதேச ஆவணங்கள் முதலில் ஆங்கிலத்திலேயே எம் கைக்கு வருகின்றன. தமிழாக்கம் பிந்தி வரும். சிலவேளை வராமலும் போகும். பிள்ளைகளின் உதவியோடு வாசித்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியும், ஆனால் வசனம் விளங்காது. இதற்கு ஒரு முக்கிய காரணம், ஆங்கிலம் ஒரு பெயரைப் பற்றிய விளக்கத்தை அந்தப் பெயருக்குப் பின்னால் வைப்பதுதான்.

‘நேற்று வவுனியாவில் கைது செய்யப்பட்ட இளைஞர்’ என்று நாம் சொல்கிறோம். விளக்கம் எல்லாம் முன்னால் வர, இளைஞர் கடைசியில் வருகிறார். ஆங்கிலத்தில் இது ‘த யூத் அரெஸ்டட் இன் வவுனியா யெஸ்டர்டே’ என்று வரும். இளைஞர் முதலில் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் மூன்று வகைச் சொற்கள் நிற்கின்றன. ‘அரெஸ்டட்’ என்பது வினையிலிருந்து பிறந்த எச்சம். ‘இன் வவுனியா’ என்பது முன்னிடைச்சொல்லோடு வரும் தொடர். ‘யெஸ்டர்டே’ என்பது காலம் காட்டும் வினையடை. இப்படியான தொடரைத் தமிழாக்கும்போது வாலிலிருந்து தலைக்கு வரவேண்டும்.

வினைமுற்றுப் போலத் தோன்றும் எச்சம்

‘அரெஸ்டட்’ என்பதை ‘கைது செய்தார்’ என்றும் வாசிக்கலாம், ‘கைது செய்யப்பட்ட’ என்றும் வாசிக்கலாம். எழுத்தில் வேறுபாடு இல்லை. ‘த யூத் அரெஸ்டட் இன் வவுனியா வோஸ் ரிலீஸ்ட்’ என்ற வசனத்தில் உண்மையான வினைமுற்று கடைசியில் வரும் ‘வோஸ் ரிலீஸ்ட்’ தான். அதை முதலில் தேடிப் பிடித்தால் ‘அரெஸ்டட்’ இளைஞருக்கு உரிய அடைமொழி என்பது தெளிவாகும்.

‘இங்’ என்று முடியும் எச்சம் செய்பவரைக் காட்டும். வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான சர்வதேச சமவாயம் இதற்கு நல்ல உதாரணம். 2006 இல் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறிய இச்சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 2 ஆம் உறுப்புரை, இக்குற்றத்தைப் புரிபவர்களை இரண்டு வகையாகச் சொல்கிறது. முதலாவது, ‘பை ஏஜன்ட்ஸ் ஒவ் த ஸ்டேட்’, அதாவது அரசின் முகவர்களால். இரண்டாவது, ‘பை பெர்சன்ஸ் ஓர் குறூப்ஸ் ஒவ் பெர்சன்ஸ் ஆக்டிங் வித்’ என்று தொடங்கி, அரசின் அதிகாரமளிப்பு, ஆதரவு அல்லது மறைமுக இசைவு என்று முடிகிறது.

இங்கே ‘பை’ இரண்டு தடவை வருவதைக் கவனியுங்கள். இரண்டாவது ‘பை’ ஒரு வேலி போல நிற்கிறது. ‘அரசின் அதிகாரமளிப்புடன் செயற்படும்’ என்ற அடைமொழி, வேலிக்கு இப்பால் உள்ள ஆட்களையும் குழுக்களையும் மட்டுமே சேரும். படைச்சிப்பாய் போன்ற அரச முகவர் ஒருவர் செய்திருந்தால், மேலிடத்து அனுமதி இருந்ததா என்ற கேள்வியை அந்த வசனம் எழுப்பவில்லை. ஆயுதக்குழு ஒன்று செய்திருந்தால்தான் அரசோடு இருந்த தொடர்பைக் காட்டவேண்டும்.

அடுத்துவரும் 3 ஆம் உறுப்புரையில் ‘வித்’ என்பது ‘விதவுட்’ ஆகிறது. அரசின் அதிகாரமளிப்போ ஆதரவோ இசைவோ இன்றிச் செயற்பட்டவர்கள் புரிந்த இத்தகைய செயல்களையும் அரசு விசாரிக்கவேண்டும் என்கிறது அது. ‘அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல’ என்று சொல்வதால் விசாரிக்கும் கடமை நீங்கிவிடாது.

எந்தப் பெயரோடு சேரும்?

முன்னிடைச்சொல் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வரும்போது குழப்பம் கூடும். 2015 ஒக்டோபரில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 30/1 தீர்மானத்தின் 6 ஆம் பந்தி இதற்குச் சாட்சி. வெளிநாட்டு நீதிபதிகள் வருவார்களா, மாட்டார்களா என்று ஆண்டுக்கணக்கில் விவாதித்தது இந்தப் பந்தியை வைத்துத்தான். அதில் ‘பாட்டிசிபேஷன்’, அதாவது பங்குபற்றுதல், என்ற பெயருக்குப் பின்னால் முதலில் வருவது ‘இலங்கை நீதிப் பொறிமுறை ஒன்றில்’ என்ற தொடர். பிறகு விசேட வழக்குத்தொடுநர் அலுவலகம் பற்றிய ஓர் இடைச்செருகல். அதற்கும் பிறகுதான் ‘பொதுநலவாய மற்றும் ஏனைய வெளிநாட்டு நீதிபதிகளின்’ என்ற தொடர். தூரத்தில் நின்றாலும் அது ‘பங்குபற்றுதல்’ என்ற பெயருக்கே உரியது.

ஆகவே பொறிமுறை இலங்கையுடையது. பங்குபற்றவேண்டியவர்களில் வெளிநாட்டு நீதிபதிகள் இருக்கிறார்கள். தீர்மானம் சர்வதேச நீதிமன்றம் ஒன்றை அமைத்தது என்றவர்களும், வெளிநாட்டு நீதிபதிகள் பற்றிப் பேச்சே இல்லை என்றவர்களும் வசனத்தின் ஒரு பாதியையே வாசித்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. பேரவை உறுதிப்படுத்துவது பங்குபற்றுதலின் ‘முக்கியத்துவத்தை’. தலைப்பெயர் அதுதான். ‘கட்டாயம்’ என்ற சொல் அங்கே இல்லை.

காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை உருவாக்கிய 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்திலும் இதேபோன்ற அடுக்கு உண்டு. வடக்கு, கிழக்கில் நடந்த மோதலின் ‘போக்கில்’, மோதலின் ‘விளைவாக’, மோதலோடு ‘தொடர்புபட்டு’ என மூன்று தொடர்கள் வருகின்றன. இவற்றோடு ‘அல்லது அதன் பின்விளைவுக் காலத்தில்’ என்ற பொருள்படும் சொற்களும் சேர்க்கப்பட்டுள்ளன. இதனால் 2009 மே மாதத்துக்குப் பிறகு காணாமல் போனவர் ஒருவரின் குடும்பமும் இந்த வரைவிலக்கணத்தைக் காட்டிப் பேசமுடியும்.

தனித்து நிற்கும் வினையடை

‘த பராகிராஃப் அபவ்’ என்றால் மேலுள்ள பந்தி. ‘த கேம்ப் தெயர்’ என்றால் அங்குள்ள முகாம். வினையடையைப் பெயரோடு நேரே ஒட்டத் தமிழ் விடாது. ‘உள்ள’ அல்லது ‘இருந்த’ என்ற சொல் இடையில் வேண்டும். அங்குள்ள முகாமா, அங்கிருந்த முகாமா? ஆங்கிலம் அதைச் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பவர் சூழலைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும்.

ஒரு காற்புள்ளியின் விலை

‘த டிடெய்னீஸ் ஹெல்ட் விதவுட் சார்ஜ் ஷுட் பி ரிலீஸ்ட்’ என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், கைதிகளுள் குற்றச்சாட்டு இன்றி வைக்கப்பட்டவர்கள் மட்டும் விடுவிக்கப்படவேண்டும் என்று பொருள். ‘ஹெல்ட் விதவுட் சார்ஜ்’ என்பதற்கு முன்னும் பின்னும் காற்புள்ளி இட்டால், எல்லாக் கைதிகளும் விடுவிக்கப்படவேண்டும், எல்லோருமே குற்றச்சாட்டு இன்றி வைக்கப்பட்டவர்கள் என்று பொருள் மாறும். தமிழில் ‘குற்றச்சாட்டு இன்றித் தடுத்து வைக்கப்பட்டுள்ள கைதிகள்’ என்ற ஒரே தொடர் இரண்டையும் குறிக்கும். மகஜரை ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் கேட்பது எது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எமது வாக்குமூலம் ஆங்கிலமாகும்போது

ஆங்கிலத்தில் ‘பை’ தொடரை விட்டுவிட்டாலும் வசனம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். அதுதான் ஆபத்து. 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் உறவினரை இராணுவத்திடம் கையளித்ததாகச் சொல்லும் குடும்பங்கள் பல. ‘ஹாண்டட் ஓவர் டு த ஆமி’ என்று எழுதினால் யாரிடம் என்பது பதிவாகிறது. ‘மிஸ்ஸிங் சின்ஸ் 2009’ என்று மட்டும் எழுதினால் காலம் மிஞ்சும், பொறுப்பாளி மறைந்துபோவார். கையளிக்கப்பட்டவர், சரணடைந்தவர், பிடித்துச் செல்லப்பட்டவர் என்பன மூன்று வேறு நிகழ்வுகள். ஆங்கிலத்திலும் மூன்று வேறு சொற்கள் வரவேண்டும்.

சத்தியக்கடதாசியில் கையொப்பமிட முன்னர் ஆங்கிலப் பிரதியை வாசித்து, தமிழில் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் யாரால், யாரிடம், எங்கே, எப்போது என்ற நான்கும் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். நாளை அந்தக் கோவையைத் திறப்பவர் உங்கள் முகத்தை அறியாதவராக இருக்கலாம். அவர் முன்னால் இருக்கப்போவது அந்த வசனம் மட்டுமே.