நின்ற விதமே காரணம் சொல்லும்

நெடுஞ்சாலையில் சீராக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென ஆஃப் ஆகிவிடுகிறது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிந்து ஒரு குறையும் இல்லை. அரைமணி கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால், “நல்லாத்தானே ஓடுது சார்” என்கிறார்கள். இந்தக் கோளாறுக்கான முதல் துப்பு, வண்டி நின்ற அந்தச் சில நொடிகளைப் பார்த்தவரிடம் இருக்கிறது.

நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் பெட்ரோல் என்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை தீப்பொறி தேவை. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஈசியூ எனப்படும் கணினி அதைச் சரியான கணத்தில் தர முடியும். அதற்குக் கண்ணாக இருப்பது கிராங்க் சென்சார். கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் பல்சக்கரத்தில், பல கார்களில் 60 பற்களுக்கு இடம் விட்டு 58 மட்டுமே வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் கடக்கையில் சென்சாரில் ஒரு மின்துடிப்பு எழும். பல்லில்லாத இடைவெளி வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று கணக்கு.

ஒரு வகைச் சென்சாருக்குள் முடிபோல் மெல்லிய செம்புக் கம்பிச்சுருள் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து அது எங்கேனும் விரிசல் விடும். சூடேறி விரிந்தால் தொடர்பு அறும். ஆறினால் மீண்டும் சேரும். துடிப்பு வராத நொடியில் கணினி தீப்பொறி, பெட்ரோல் இரண்டையும் நிறுத்திவிடும். அரைமணிப் புதிருக்கு இது முக்கியமான ஒரு விடை.

இதற்குச் சாட்சி ஆர்.பி.எம். முள். கியரில் உருளும் வண்டியின் சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். முள் மெல்ல இறங்குவதுதான் முறை. உருளும்போதே சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து அணைந்தால் பேட்டரி முனை, சாவி ஸ்விட்ச், ரிலே ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றால் எரிபொருள் பக்கம் திரும்புங்கள்: அடைத்த ஃபில்டர் அல்லது தளர்ந்த பெட்ரோல் பம்ப். டேங்கிற்குள் இருக்கும் பம்பைப் பெட்ரோல்தான் குளிர்விக்கிறது; எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் அதன் ஆயுள் குறையும். சாவியை ஆன் செய்ததும், பல கார்களில் பின்சீட்டுப் பக்கம் ஓரிரு நொடி ரீங்காரம் கேட்கும். வழக்கமாகக் கேட்பது கேட்கவில்லையென்றால் அதுவும் ஒரு துப்பு. சிக்னலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் அணைந்தால், த்ராட்டில் பாடியில் கரி படிந்து காற்று வழி குறுகியிருக்கலாம். பேட்டரி விளக்கு எரிந்து, ஹெட்லைட் மங்கி, பிறகு நின்றால் ஆல்டர்னேட்டர்.

எதுவானாலும் உயிர்தான் முதலில். என்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக் பூஸ்டரில் எஞ்சிய வெற்றிடம் சில மிதிகளுக்கே போதும்; விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நாலு இண்டிகேட்டரையும் போட்டு ஓரம் கட்டுங்கள்.

பிறகு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: என்ஜின் சூடாக இருந்ததா, முள் எப்படி இறங்கியது, எந்த விளக்கு எரிந்தது, எத்தனை நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆனது. விட்டுவிட்டு வரும் கோளாறு சில நேரம் ஸ்கேனரில் எந்தக் குறியீட்டையும் பதிக்காது. அப்போது நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது உங்கள் தாளில் இருக்கும் இந்த நான்கு பதில்களைத்தான்.