காய் விடவும் பழம் விடவும் ஆள் வேண்டும்

மாலை ஐந்து மணி. தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள் சா பூ த்ரீ போட்டு அணி பிரிக்கிறார்கள். நாலு வயதுப் பொடியன் ஒருவன் தானும் வருவேன் என்று அடம்பிடிக்க, "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை. பத்தே நிமிடத்தில் சண்டை. "நீ அழுகுணி ஆட்டம் ஆடுறே, உன்கூட காய்!" என்று ஒருத்தி வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். ஆள் குறைந்து ஆட்டம் நிற்கிறது. கடைசியில் சண்டை போட்டவனே வந்து பழம் விடுகிறான். பெரியவர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"படிப்பெல்லாம் சரி, நாலு பேரோடு பழகத் தெரிய வேண்டாமா?" ஹோம் ஸ்கூலிங் எனப்படும் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுத்த பெற்றோர் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. அதற்கான விடையை இந்தத் தெருவிலிருந்தே தேடத் தொடங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அது தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. 14 வயது நிரம்பியவர்கள் பள்ளிக்குப் போகாமலே, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வது கட்டாயம். அதை எதிர்த்து ஒரு குடும்பம் தொடுத்த வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-ல் ஏற்கவில்லை. பலதரப்பட்டவர்களோடு சேர்ந்து வாழும் அனுபவத்தைப் பள்ளிதான் தருகிறது என்பது ஜெர்மன் நீதிமன்றங்களின் வாதம்.

கோலி கற்றுத்தரும் பாடம்

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே, பிள்ளைகள் கோலி விளையாடுவதைக் கூர்ந்து கவனித்து 1932-ல் ஒரு நூல் எழுதினார். சிறு பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றக் கூடாதது. பத்து வயதை ஒட்டித்தான், எல்லோரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்று புரிகிறது. சம வயதினரோடு பேசி, மறுத்து, விட்டுக்கொடுத்துத்தான் அந்தப் புரிதல் வருகிறது என்றார் அவர். அம்மா எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அதைச் சொல்லித்தர முடியாது. ஏனென்றால் அம்மா காய் விட்டுப் போய்விட மாட்டாள் என்று பிள்ளைக்குத் தெரியும். தோழி போய்விடுவாள்.

ஆய்வுகள் காட்டுவது

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பழகும் திறனில் பின்தங்கவில்லை என்றே அமெரிக்க ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தாமாக முன்வந்த குடும்பங்களிடம் நடத்தப்பட்டவை. அதை வைத்து எல்லா வீட்டுக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

பள்ளியும் தன்னளவில் உத்தரவாதம் ஆகாது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாளெல்லாம் "பேசாதே" என்ற அதட்டல், பி.டி. பீரியடைக் கடன் வாங்கிக்கொள்ளும் கணக்குப் பாடம் என்றிருந்தால் அங்கே பழகுவதற்கு ஏது நேரம்? ஆனாலும் அரசுப் பள்ளியின் சத்துணவு வரிசையில் யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அனுபவம் வீட்டுக்குள் கிடைக்காது. அதை ஈடுகட்டும் பொறுப்பு பெற்றோருடையது.

பெற்றோர் செய்ய வேண்டியது

கீபோர்டு வகுப்பும் நீச்சல் வகுப்பும் நல்லவைதான். ஆனால் அங்கே விதியைச் சொல்வதும் வழக்கைத் தீர்ப்பதும் பெரியவர்களே. பிள்ளைக்குத் தேவை அன்றாடம் பார்க்கும் அதே முகங்கள், ஏறக்குறைய ஒரே நேரம், பெரியவர் தலையிடாத விளையாட்டு. வயதிலும் வசதியிலும் வேறுபட்ட பிள்ளைகள் அதில் இருக்க வேண்டும். சின்னவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்க்கும்போதுதான் பெரியவனுக்குப் பரிவு பழகுகிறது. ஒரு பிள்ளையை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கும்போதோ அடிக்கும்போதோ மட்டும் பெரியவர் இறங்கினால் போதும்.

வீட்டில் படித்தாலும் பள்ளியில் படித்தாலும் பெற்றோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த வாரம் நம் பிள்ளை யாரிடமாவது காய் விட்டதா? நாம் சொல்லாமலே போய்ப் பழம் விட்டதா?