உடுக்கை: அருள்வாக்கின் கருவி

மரம் அல்லது பித்தளை, தோல், கயிறு

இடை சிறுத்த இந்தக் கருவியின் இரு முகங்களும் தோலால் மூடப்பட்டவை. நடுக்கயிற்றை அழுத்தினால் ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும்.

கலசப்பாக்கம் உள்ளிட்ட வட தமிழகச் சிற்றூர்களின் அம்மன் விழாக்களில் உடுக்கை அடித்துப் பாடித் தெய்வத்தை அழைப்பர். அருள் வந்தவரிடம் மழை, நோய், திருமணம் பற்றி ஊரார் குறி கேட்பர். சங்க இலக்கியம் பாடும், வேலன் என்னும் முருகன் பூசாரி அருள் வந்து ஆடும் வெறியாட்டு இதன் பழைய வடிவங்களுள் ஒன்று.

மேற்காசியாவிலும் அருள்வாக்கு வழக்கம் இருந்தது. சிரியாவின் மாரி நகரில் கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் கடிதங்கள், கோயில்களில் பிறந்த தெய்வ வாக்குகளை அரசன் சிம்ரி-லிமுக்குத் தெரிவிக்கின்றன. பண்டைய இஸ்ரவேலின் இறைவாக்கினர் யாழ், மேளம், குழல் முழங்க வாக்குரைத்ததை விவிலியத்தின் சாமுவேல் முதல் நூல் குறிப்பிடுகிறது.