வீட்டிற்கு ஒரு சர்வர்: வாங்கும் முன் யோசியுங்கள்

சர்வர் என்றவுடன் வங்கியிலோ பெரிய அலுவலகத்திலோ ஏ.சி. அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் இயந்திரம்தான் நம் நினைவிற்கு வரும். அது வீட்டில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கம்ப்யூட்டர் வாங்கி ஓராண்டு ஆனபின் உங்கள் வீட்டையே ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கல்யாண போட்டோக்கள் பாதி லேப்டாப்பில், மீதி அப்பாவின் மொபைல் போனில். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா வீடியோ ஒரு பென் டிரைவில். அந்தப் பென் டிரைவ் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இவை அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, வீட்டில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும், போனிலும், டிவியிலும் பார்க்க வழி செய்வதுதான் ஹோம் சர்வர். கூகுள் போட்டோஸ் தளம் அளவில்லா இலவச இடம் தருவதை 2021 ஜூன் 1ல் நிறுத்திய பின்னர், என் நண்பர்கள் பலர் இது குறித்து என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முதலில் நான் சொல்வது என் சொந்தக் கதையைத்தான்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் கொண்ட சர்வர் ஒன்றை வீட்டில் அமைத்தேன். இரண்டையும் ரெய்டு 1 என்னும் முறையில் இணைத்தேன். இந்த முறையில் ஒரு டிஸ்க்கில் எழுதப்படுவது அதே நேரத்தில் அடுத்த டிஸ்க்கிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றொன்றில் டேட்டா இருக்கும். ரெய்டு என்ற பெயர், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மூலம் பரவியது. படித்த படிப்பு வீண் போகவில்லை என்று நானும் மகிழ்ந்தேன்.

ஒரு நாள் அப்பா தன் லேப்டாப்பில் இடம் இல்லை என்று வேண்டாத பைல்களை நீக்கிக் கொண்டிருந்தார். சர்வரின் போட்டோ போல்டர் அவருடைய லேப்டாப்பில் 'இசட்' டிரைவாகத் தெரியும்படி நான்தான் அமைத்திருந்தேன். போனில் இருக்கும் போட்டோக்களே இங்கும் இருக்கின்றன என்று எண்ணி, முழு போல்டரையும் அழித்துவிட்டார். நெட்வொர்க் வழியாக அழிக்கும் பைல்கள் விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. இரண்டாவது டிஸ்க்கும் தன் கடமையைச் சரியாகச் செய்தது. அதிலும் அந்த நொடியே எல்லாம் அழிந்தன.

அந்தப் போல்டரில் பாட்டி எங்களுடன் கொண்டாடிய கடைசிப் பொங்கலின் வீடியோ இருந்தது. நல்ல வேளையாக, முந்தைய ஆண்டு திருநெல்வேலி அத்தை டிவியில் பார்ப்பதற்காக ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கில் காப்பி செய்து கொடுத்திருந்தேன். பாட்டியின் வீடியோ அதிலிருந்து கிடைத்தது. ஆனால் அதன்பின் பிறந்த அக்கா மகளின் முதல் ஆறு மாதப் போட்டோக்கள் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய சில சிறிய படங்களே மிச்சம். அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு டிஸ்க் இருந்தால் அதுவே பேக் அப் என்று நான் நினைத்ததுதான் தவறு.

பேக் அப் என்பது எது?

மூலப் பைலை மாற்றினாலோ அழித்தாலோ தானும் உடனே மாறிவிடாத காப்பிதான் பேக் அப். ரெய்டு, டிஸ்க் பழுதாவதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்தல், வைரஸ், திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றிலிருந்து அது காக்காது.

இதற்கு 3-2-1 என்று ஓர் எளிய விதி உண்டு. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞரால் பிரபலமானது. டேட்டா மூன்று காப்பிகளாக இருக்க வேண்டும்; அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும்; ஒரு காப்பி வீட்டிற்கு வெளியே இருக்க வேண்டும். எனவே சர்வருக்குப் பட்ஜெட் போடும்போது, வெளியில் வைக்கப் போகும் ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கின் விலையையும் சேர்த்தே போடுங்கள். பணம் போதவில்லை என்றால், சர்வரில் ஒரு டிஸ்க்கும் வெளியில் ஒரு டிஸ்க்கும் வையுங்கள். இது சர்வருக்குள்ளேயே இரண்டு டிஸ்க் வைப்பதைவிட நல்லது.

எந்த வகை சர்வர்?

1. ரூட்டரில் டிஸ்க்: சில ரூட்டர்களில் யு.எஸ்.பி. போர்ட் இருக்கும். அதில் ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கை இணைத்தால் வீடு முழுவதும் பயன்படுத்தலாம். செலவு குறைவு, வேகமும் வசதிகளும் குறைவு. பழகிப் பார்க்க ஏற்றது.

2. பழைய கம்ப்யூட்டர்: புதியது வாங்கியபின் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரையே சர்வராக மாற்றலாம். விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால், அதில் லினக்ஸ் சார்ந்த ஓப்பன் மீடியா வால்ட் போன்ற இலவச சிஸ்டத்தைப் பதிந்து கொள்வது நல்லது. கொஞ்சம் கற்றுக் கொள்ளும் ஆர்வம் வேண்டும்.

3. நாஸ் பெட்டி: நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம் இது. சினாலஜி, கியூநேப் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பிரவுசர் வழியாகவே எல்லாவற்றையும் அமைத்துவிடலாம். பெரும்பாலும் டிஸ்க் இல்லாமல் காலிப் பெட்டியாகவே விற்கப்படும் என்பதால், கடையில் விலை கேட்கும்போது இதனைக் கவனிக்கவும்.

எந்த வகையானாலும் 'ஸ்நாப்ஷாட்' வசதி உள்ளதா என்று கேளுங்கள். நேற்று, சென்ற வாரம் என்று போல்டர்கள் இருந்த நிலையை இது நினைவில் வைத்திருக்கும். என் சர்வரில் இது இருந்திருந்தால், அப்பா அழித்தவற்றைச் சில நிமிடங்களில் மீட்டிருப்பேன். ஸ்நாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில் தான் இருக்கும் என்பதால், வெளிக் காப்பிக்கு இது மாற்று அல்ல.

வேகமும் வீடியோவும்

சாதாரண எச்.டி. படம் ஒன்றை ஓட்ட நொடிக்கு 5 முதல் 10 மெகாபிட் போதும். பேக் அப் எடுக்கும்போதுதான் வேகம் தேவைப்படுகிறது. ரூட்டரின் நெட்வொர்க் போர்ட் 100 மெகாபிட் வகையாக இருந்தால் நொடிக்குச் சுமார் 11 மெகாபைட் கிடைக்கும். 500 ஜிபி டேட்டாவை அனுப்ப ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம் ஆகும். கிகாபிட் போர்ட்டில் இதுவே ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். எனவே சர்வர், ரூட்டர் இரண்டிலும் கிகாபிட் போர்ட் உள்ளதா என்று பாருங்கள். சர்வரை வை-பி மூலம் அல்லாமல் கேபிள் மூலம் இணைத்திடுங்கள்.

டிவிக்குப் புரியாத பார்மட்டில் வீடியோ இருந்தால், சர்வர் அதனை ஓட்டும்போதே மாற்றித் தர வேண்டும். இதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். பிராசசருக்கு இது கடினமான வேலை. உங்கள் வீடியோக்களை ஒரு பென் டிரைவில் போட்டு டிவியில் இயக்கிப் பாருங்கள். எல்லாம் ஓடினால் சாதாரண பிராசசரே போதும். பல ஓடவில்லை என்றால், குயிக் சிங்க் வசதியுள்ள இன்டெல் பிராசசர் கொண்ட சர்வரைத் தேர்ந்தெடுக்கலாம். வீடியோக்களை அழகாகப் பட்டியலிட்டுக் காட்ட ஜெல்லிபின் என்னும் இலவச சாப்ட்வேர் உள்ளது.

மின்சாரமும் பாதுகாப்பும்

சர்வர் நாள் முழுவதும் ஓடும். 15 வாட் எடுக்கும் சிறிய பெட்டி ஆண்டிற்கு 131 யூனிட் செலவழிக்கும். 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் 525 யூனிட் செலவழிக்கும். இலவசமாகக் கிடைத்த சர்வர் மின் கட்டணத்தில் தன் விலையை வசூலித்துவிடலாம். எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பைல்கள் கெடலாம் என்பதால் சிறிய யு.பி.எஸ். ஒன்றும் அவசியம்.

வெளியூரிலிருந்தும் பார்க்கலாமே என்று சர்வரை நேரடியாக இன்டர்நெட்டிற்குத் திறந்துவிட வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற சாதனத்திற்கு 2015க்குப் பின் அப்டேட் வரவில்லை. 2021 ஜூனில் உலகின் பல இடங்களில் இன்டர்நெட் இணைப்பில் இருந்த இந்தச் சாதனங்களுக்குள் ஹேக்கர்கள் புகுந்து டேட்டாவைத் துடைத்தெடுத்தனர். வாங்கும் மாடலுக்கு எத்தனை ஆண்டு அப்டேட் கிடைக்கும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியபின் செய்ய வேண்டியது

சர்வரை அமைத்த முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்திடுங்கள். தேவையற்ற ஒரு போல்டரை வேண்டுமென்றே அழித்துவிட்டு, பேக் அப்பிலிருந்து அதனைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி தந்து, அழிக்கும் அனுமதியை ஒருவரிடம் மட்டும் வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு போர்ட்டபிள் டிஸ்க்குகள் உள்ளன. ஒன்று எப்போதும் திருநெல்வேலியில் இருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிய காப்பியைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருகிறேன். அத்தைக்குப் பார்க்கப் புதிய வீடியோக்களும் கிடைத்துவிடுகின்றன.