களிமண் பொம்மை கணிப்பொறிக்குள் புகுந்த கதை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கூடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நீரில் கரைத்த மண் குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, அதன் சுவரை ஒட்டி மண் ஏடாகப் படிகிறது. மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடம், வெளியே பொம்மை! பார்ப்பவருக்குத் தேவை மேல் ஏடு மட்டுந்தானே?

இத்தகைய சிக்கனத்தால்தான் 'டூம்' என்ற கணிப்பொறி ஆட்டமும் சாத்தியமாயிற்று. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த 'இட் சாஃப்ட்வேர்' என்ற சிறு நிறுவனம் 1993 டிசம்பர் 10-இல் இதனை வெளியிட்டது. ஆடுபவர் திரையில் தம் முழு உருவத்தைக் காண்பதில்லை. தம் கையும் துப்பாக்கியுமே தெரியும். குருதி மிகுந்த ஆட்டம், சிறுவர்க்கு ஏற்றதன்று. ஆனால் அதன் உள்ளமைப்பு அறியத்தக்கது.

அதில் வரும் அரக்கர் சிலருக்கு ஓவியர் ஏட்ரியன் கார்மக் முதலில் களிமண்ணில்தான் உருவம் பிடித்தார். பொம்மையைத் திருப்பித் திருப்பி வைத்து, வீடியோ காமிராவால் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். அடிக்கடி வளைத்தால் மண் சிதையுமல்லவா? ஆகவே வேறு சில உருவங்களை கிரெகர் பன்சாட்ஸ் என்பவர் உலோகக் கூட்டின்மேல் ரப்பர் போர்த்திச் செய்தார்.

ஆட்டத்திற்குள் இருப்பவை தட்டையான படங்களே. எட்டுத் திசைகளுள் எது பொருந்துமோ அந்தப் படம் தோன்றும். அருகில் பெரிதாகவும் தொலைவில் சிறிதாகவும் காட்டப்படும். வீழ்ந்து கிடக்கும் அரக்கனைச் சுற்றி நடந்து பாருங்கள். எப்பக்கம் போனாலும் அதே பக்கந்தான் தெரியும்! பிணத்திற்கு எட்டுப் படம் வீண் என்று விட்டுவிட்டார்கள்.

சுவர்களின் கதை இன்னும் சுவையானது. திரையில் 320 × 200, அதாவது 64,000 புள்ளிகள். விநாடிக்கு 35 படங்கள் வரை. அன்றைய கணிப்பொறிக்கு இது பெருஞ்சுமை. எந்தச் சுவர் எதை மறைக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கணக்கிட நேரமேது?

நிரலை எழுதிய ஜான் கார்மக் (ஏட்ரியனுக்கு உறவினர் அல்லர்), ஃபூக்ஸ், கெடெம், நெய்லர் ஆகிய மூவர் 1980-இல் விளக்கிய ஒரு முறையைக் கையாண்டார். உங்கள் வீட்டு வரைபடத்தில் ஒரு சுவர்க்கோட்டை இருபுறமும் நீட்டுங்கள். வீடு இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியையும் இன்னொரு சுவரால் பிரியுங்கள், இப்படியே தொடருங்கள். இனி ஒரே கேள்விதான்: நீங்கள் நிற்பது கோட்டின் எந்தப் பக்கம்? அப்பக்கத்துச் சுவர்களை மறுபக்கத்துச் சுவர்கள் மறைக்க முடியாது. ஆகவே அருகிலுள்ள பக்கத்தை முதலில் வரைந்து, நிரம்பிய இடத்தை விட்டு மற்றதை நிரப்பினால் போதும். பிரிக்கும் வேலை நீண்டது. ஆனால் ஆட்டம் வெளிவருமுன்பே முடிந்துவிடும். இதற்கொரு விலையும் உண்டு. வரைபடம் தட்டையானதால், டூமில் ஓர் அறையின்மேல் இன்னோர் அறை கட்ட இயலாது, மாடிவீடே கிடையாது!

1996-இல் அதே நிறுவனத்தின் 'குவேக்' ஆட்டத்தில் அறைக்குமேல் அறை வந்தது. அரக்கரும் முப்பரிமாண உருவங்களாயினர். பொம்மையைப் படம்பிடிக்கும் தேவை மறைந்தது.

டூமின் மூலநிரல் 1997 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதனால்தான் எத்தனையோ விதக் கருவிகளில் அது இன்றும் ஓடுகிறது. 'சி' மொழி கற்கும் மாணவர் அதனைப் படிக்கலாம். நாம் மேலே கேட்ட 'எந்தப் பக்கம்?' என்ற கேள்வி, 'பாயின்ட் ஆன் சைடு' என்ற பெயரில் ஒரு சிறு பகுதியாக அதில் இருக்கிறது.